நீலம், ஊசியிலை, அடக்கம்: மட்டக்களப்பு, அம்பாறை வளவுகளுக்கு எந்த மரம்?

"மாமாட கனடா வீட்டு முன்னால நிக்கிற நீல மரம் மாதிரி ஒண்டு நம்மட வளவுக்கும் வைக்க ஏலாதா அக்கா?"

மார்கழி நெருங்க நெருங்க இந்தக் கேள்வி பல வாய்களில் இருந்து வரும். ஒருவருக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த படம், இன்னொருவருக்கு நுவரெலியாப் பயணத்தில் கண்ட மரம். கேட்பவர்களில் அநேகர் புதிதாக வீடு கட்டியவர்கள். மதில் எழுந்துவிட்டது, கேற் போட்டாகிவிட்டது, கேற்றுக்கும் விறாந்தைக்கும் இடையே வெறும் மணல். அந்த மணலின் நடுவில், வருகிறவரின் கண்ணை முதலில் பிடித்து நிறுத்தும் ஒரு மரம் வேண்டும். ஆண்டு முழுக்க இலை கொட்டாமல், கூரைக்கு மேலே போகாமல், நீலமாக.

அந்த ஒரு ஆசைக்குள் மூன்று ஆசைகள் இருக்கின்றன: நீல நிறம், ஊசியிலை மரத்தின் தோற்றம், அடக்கமான உருவம். வாகரை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள நமது சமவெளியில் இந்த மூன்றையும் ஒரே செடியில் நீண்ட காலம் வைத்திருக்க முடியாது. கூடினால் இரண்டு கிடைக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்று முதலில் வீட்டுக்குள் பேசி முடிவெடுங்கள். அதன் பிறகு எந்தக் கன்று என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

எதை வைத்து அளப்பது?

முதலாவது, சூடு. பகல் வெயிலைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். குளிர்நாட்டு மரத்துக்கு நம் இரவுகளும் பகை. தை மாதத்து இரவில்கூட மட்டக்களப்பில் வெப்பம் 22, 23 பாகை செல்சியசுக்குக் கீழே அரிதாகவே இறங்கும். இப்படிச் சூடான இரவில் மரத்தின் சுவாசம் கூடிவிடும். பகலில் சேர்த்த உணவில் பெரும்பங்கு அதிலேயே செலவாகிவிடும். மெல்ல வளரும் மரத்துக்கு அந்த இழப்பை ஈடுசெய்ய வழியில்லை.

இரண்டாவது, தண்ணீரின் இரு முனைகள். நமக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் மழை. அதில் பாதிக்கும் மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று. தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு வெறுங்கையுடன் வரும் அந்தக் காற்று, இலையில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே இங்கே வைக்கும் செடி மாரியில் வேர் அழுகாமலும் இருக்க வேண்டும், கோடையில் நுனி கருகாமலும் இருக்க வேண்டும். ஒன்றைத் தாங்குபவை பல, இரண்டையும் தாங்குபவை சில.

மூன்றாவது, உப்பு. கல்லடி, காரைதீவு, திருக்கோவில் போன்ற இடங்களில் கடலோரத்து வீடுகளுக்குக் காற்றிலேயே உப்பு வரும். வாவியோரத்தில் கோடை முற்றும்போது கிணற்றுத் தண்ணீரும் உவர்க்கும். ஆவணி மாதத்தில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்ப்பு தெரிந்தால் கீழே சொல்லும் சில செடிகளை உங்கள் பட்டியலில் இருந்து இப்போதே எடுத்துவிடலாம்.

நான்காவது, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அது அடைக்கப்போகும் இடம். கன்றாக வாங்கும்போது எல்லாமே அடக்கமாகத்தான் இருக்கும். இவற்றோடு, வாரா வாரம் கேட்கும் கைவேலை, முள், கட்டாக்காலி மாடு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படுவான்கரைப் பக்கம் என்றால் யானையையும் மறக்கக் கூடாது.

அந்த நீலம் எது?

செடிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும். அந்த இலைகளுக்குள் நீலச் சாயம் எதுவும் இல்லை. பச்சை இலையின் மேல் மிக மெல்லிய வெள்ளை மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதில் ஒளி சிதறும்போது நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. சந்தையில் வாங்கிய கோவாவின் வெளி இலையை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் பூத்த நிறம் போய், வெறும் பச்சை தெரியும். வெளிநாட்டுப் படங்களில் காணும் அந்த நீல மரமான நீல ஸ்ப்ரூசின் ஊசியிலையிலும் நடப்பது அதேதான்.

இதிலிருந்து சில முடிவுகள் வருகின்றன. அடிக்கடி கைபடும் இடத்தில், குழந்தைகள் உரசி ஓடும் வழியில் நீலச் செடி வைத்தால் நிறம் கலையும். பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து தெளிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது நல்லது, நீலச் செடிக்கு அது கேடு. எண்ணெய் மெழுகைக் கரைத்துவிடும். ஒருமுறை போன பூச்சு அந்த இலையில் திரும்ப முழுதாக வராது, புது இலை விடும்வரை பச்சையாகவே நிற்கும். நிழலில் வைத்தாலும் நீலம் மங்கும்.

நல்ல செய்தியும் இதற்குள்ளேயே இருக்கிறது. அந்த மெழுகு, வெயிலைத் திருப்பி அனுப்பி ஈரத்தைக் காத்துக்கொள்ளச் செடி போட்டுக்கொண்ட போர்வை. ஆகவே அது குளிர்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. வறண்ட, சூடான நாடுகளிலும் நீலச் செடிகள் உண்டு. நம் கடற்கரையில் மணலைப் பிடித்து நிற்கும் இராவணன் மீசைப் புல்லைக் காலை வெயிலில் கவனித்துப் பாருங்கள், அதிலும் ஒரு சாம்பல் நீலம் இருக்கிறது.

1. அசல் நீல ஸ்ப்ரூஸ்: மூன்றும் உண்டு, இங்கே வாழாது

படங்களில் வரும் மரம் பெரும்பாலும் இதுதான். அமெரிக்காவின் றொக்கி மலைத்தொடரில், கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,800 முதல் 3,000 மீற்றர் உயரத்தில் வளர்வது. கொலராடோவின் மாநில மரமும் இதுவே. காட்டில் 20 மீற்றரைத் தாண்டி நிற்கும் இந்த மரத்தில் இருந்து 'குளோபோசா', 'மொன்ட்கொமரி' போன்ற குட்டை வகைகளைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். ஊசியிலை மரங்களில் குட்டை வகை என்று சொல்வது ஆண்டுக்கு 2.5 முதல் 15 சென்ரிமீற்றர் வரை வளர்வதைத்தான். வளர்ச்சி நின்றுவிடும் என்று பொருளில்லை, மெல்ல நடக்கும் என்பதே பொருள்.

இங்கே ஏன் ஆகாது? இந்த மரத்துக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். பகல் சுருங்கும்போது மொட்டை மூடி உறங்கி, மாதக்கணக்கில் குளிரைப் பெற்று, வசந்தத்தில் ஒரே வீச்சில் புது நீலத் தளிர் விடுவது அதன் வழமை. நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். ஆகக் கூடிய பகலுக்கும் ஆகக் குறைந்த பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. மரத்துக்கு உறங்கச் சொல்லும் அடையாளமும் இல்லை, உறங்கக் குளிரும் இல்லை. மாரியின் ஈரப்பதம் ஊசியிலைகளில் பூஞ்சையைக் கொண்டுவரும், கச்சானில் சிலந்திப்பூச்சி வரும்.

இதில் மிகப் பெரிய மறைச்செலவு, ஏமாற்றம் தாமதமாக வருவதுதான். ஊசியிலை மரம் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். வெட்டிக் கொண்டுவந்த கிறிஸ்மஸ் மரம் பண்டிகை முடியும்வரை வாடாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேர் போன கன்றும் அப்படித்தான். "வாங்கி ஒரு மாதமாகியும் நன்றாக நிற்கிறது" என்பது பிடித்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. புது நுனி விட்டால்தான் அது சான்று.

இணையத்தில் விற்கும் நீல ஸ்ப்ரூஸ் விதைப் பொதிகளையும் நம்ப வேண்டாம். விதையில் முளைப்பவை ஒன்றுக்கொன்று நிறம் மாறுபடும், பல பச்சையாகவே வரும். நல்ல நீலமும் குட்டை உருவமும் வேண்டுமென்றால் ஒட்டுக் கன்றுதான். வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர் பையில் போட்டுக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கன்றுக்கும் விதைக்கும் அனுமதியும் நோய்த்தடுப்புப் பரிசோதனையும் வேண்டும். மண்ணோடு வரும் ஒரு கன்றில் என்ன புழு, என்ன பூஞ்சை வருகிறது என்று யாருக்குத் தெரியும்? நம் தென்னைக்கும் நெல்லுக்கும் வரக்கூடிய ஆபத்து அது.

இதன் உறவுக்காரர்களையும் கேட்பார்கள். 'புளூ ஸ்ரார்' ஜூனிப்பர் உண்மையிலேயே அழகான சிறு நீலப் புதர், அதுவும் குளிர் கேட்கும். அரிசோனா சைப்பிரசின் 'புளூ ஐஸ்' வகை வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் அது வறண்ட வெயிலுக்குப் பழகியது. நம் மாரியின் ஈரத்தில் தண்டுப்புண் நோய்க்கு இடம் கொடுத்துவிடும், அடக்கமாகவும் நிற்காது.

ஆகவே இந்த வகை யாருக்கு? வெளிநாட்டில் வீடு வைத்திருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு. ரொறன்ரோவில் முன்முற்றம் வெயில் படும் இடமாக இருந்தால் 'குளோபோசா' மிகச் சரியான தெரிவு. ஒன்று, ஒன்றரை மீற்றர் உயரத்தில் பல ஆண்டுகள் நிற்கும். வீதியில் பனிக்குப் போடும் உப்பு தெறித்தாலும் ஓரளவு தாங்கும். நடுவில் நிமிர்ந்து ஒரு கிளை கிளம்பினால் அதை உடனே வெட்டச் சொல்லுங்கள், விட்டால் உருண்டை வடிவம் போய்விடும். நுவரெலியாவில் காணி உள்ளவர்களுக்கு ஸ்ப்ரூசைவிட சைப்பிரஸ், ஜூனிப்பர் வகைகளே பொருத்தம். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அங்கும் முழுக் குளிர்காலம் கிடையாது, தை, மாசியில் சில அதிகாலைகளில் உறைபனி விழும், அவ்வளவே.

2. சீன ஜூனிப்பரும் துஜாவும்: உருவம் உண்டு, நீலம் குறைவு

"எனக்கு ஊசியிலை மரம்தான் வேண்டும், அடக்கமாகவும் வேண்டும், நிறம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை" என்பவர்களுக்கு என் தெரிவு சீன ஜூனிப்பர். கிழக்கு ஆசியாவில் இருந்து வந்த இது, ஊசியிலை மரங்களுக்குள் சூட்டை நன்றாகத் தாங்கும் இனங்களில் ஒன்று. அதிலும் 'கைசுக்கா' என்ற வகை சுடர்போல முறுக்கி மேலெழும். ஒற்றையாக நிறுத்தினாலே பார்வைக்கு நிறைவாக இருக்கும். நிறம் பச்சை, சில கன்றுகளின் இளநுனியில் சாம்பல் கலந்த நீலப்பச்சை தெரியும். விற்பவர் நீலம் என்று சொன்னால் நல்ல வெயிலில் வைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

துஜா இன்னும் எளிது. விசிறி விசிறியாக நிமிர்ந்த இலை, முட்டை வடிவம், சமவெளிச் சூட்டுக்குப் பழகியது. உப்புக் காற்றுக்கு மட்டும் ஆகாது. நீலம் தேடி வந்தவருக்கு அது ஈடாகாது என்பதால் இங்கே ஜூனிப்பரைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன்.

வாங்கும் இடத்தில்தான் பாதி வெற்றி. மலைநாட்டில் இருந்து முந்தின வாரம் லொறியில் இறங்கிய கன்றைவிட, நம் பக்கத்து நாற்றுமேடையில் ஒரு கச்சானைக் கடந்து நிற்கும் கன்று விலை கூடினாலும் அதுவே மேல். அடித்தண்டை நகத்தால் சற்றுக் கீறிப் பாருங்கள், உள்ளே ஈரப்பச்சை இருக்க வேண்டும். நுனியில் புது வளர்ச்சி இருக்க வேண்டும். பையைத் திறந்து வேரையும் பாருங்கள். மலைநாட்டுக் கன்று இறுகிய களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே நம் மணலில் புதைத்தால் சுற்றியுள்ள மணலில் தண்ணீர் ஓடிவிடும், உருண்டையோ ஒன்றில் காய்ந்து கல்லாகும், இல்லாவிட்டால் நனைந்தே கிடக்கும். ஓரத்து மண்ணை மெதுவாக உதிர்த்து, வேரை வெளியே விரித்துவிட்டுத்தான் நட வேண்டும்.

நிலத்தில் என்றால் முழங்கால் உயரத்துக்கு மேடு போட்டு அதன் மேல் நடுங்கள், மாரியில் தண்ணீர் வேரடியில் நிற்கக் கூடாது. சாடியில் என்றால் மண் அல்லது சீமெந்துச் சாடி. கறுப்புப் பிளாஸ்ரிக் சாடி பின்னேர வெயிலில் வேரைப் புழுக்கிவிடும். இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள், ஒரு கை உடைத்த சிரட்டைக்கரி என்ற கலவை நன்றாக வடியும். சாடியின் அடியில் செங்கல் துண்டு வைத்து உயர்த்துங்கள், துளை அடைபடாது.

கத்தரிக்கும்போது பச்சை உள்ள இடம்வரை மட்டுமே வெட்டுங்கள். உள்ளே காய்ந்து பழுப்பாக இருக்கும் கட்டையில் இருந்து ஜூனிப்பர் மறுபடி துளிர்க்காது. அவசரத்தில் ஆழமாக வெட்டிய ஓட்டை வாழ்நாள் முழுக்க ஓட்டையாகவே நிற்கும். கச்சான் காலத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மேல் கிளையைத் தட்டுங்கள். மிளகாய்த்தூள்போலப் புள்ளிகள் ஊர்ந்தால் சிலந்திப்பூச்சி. காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கும்.

மறைச்செலவு? ஆள். கச்சானில் சாடி ஜூனிப்பருக்கு அநேகமாக நாள்தோறும் தண்ணீர் வேண்டும். கதிர்காமப் பாத யாத்திரைக்கோ உறவினர் வீட்டுக்கோ பத்து நாள் போய்விட்டு வந்தால் மரம் இருக்காது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுக்கு இதை நான் சொல்வதில்லை.

3. ஆனைக் கற்றாழை: நீலமும் அடக்கமும் உண்டு, ஊசியிலை இல்லை

நீலம்தான் முதல் ஆசை என்றால், கையில் உள்ள பணத்துக்கு இதற்கு மேல் ஒன்றில்லை. மெக்சிக்கோ நாட்டுச் செடி. தடித்த மடல்கள் ரோசாப்பூ அடுக்கில் விரிந்து, நல்ல சாம்பல் நீலத்தில் நிற்கும். கச்சானுக்கு அசையாது, கடற்காற்றைத் தாங்கும், மாடு வாய் வைக்காது. கல்லடிக் கடலோர மணலில் வேறெந்த நீலமும் இவ்வளவு குறைந்த கவனிப்பில் நிற்காது.

ஆனால் ஒவ்வொரு மடலின் நுனியிலும் ஊசிபோன்ற முள், ஓரத்திலும் முள். சாறு தோலில் பட்டால் கடிக்கும், தடிக்கும். தவழும் குழந்தை, பந்து விளையாடும் பிள்ளைகள், கண் தெரியாத பெரியவர் உள்ள வீட்டில் நடைபாதையோரம் இதை வைக்கவே வேண்டாம். நடைபாதையில் இருந்து இரண்டு மீற்றராவது தள்ளி இருக்கட்டும். சுற்றிலும் பக்கக் கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை தோண்டி எடுக்காவிட்டால் நடுவில் நிற்க வேண்டிய ஒற்றைச் செடி பற்றையாகிவிடும். முழு வளர்ச்சியில் இரண்டு மீற்றர் அகலத்தையும் தாண்டும்.

பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்குள் ஒருநாள் பல மீற்றர் உயரத்துக்குப் பூந்தண்டு எழும். பார்க்க அதிசயமாக இருக்கும், அதோடு தாய்ச்செடி செத்துவிடும். பக்கக் கன்றில் ஒன்றை முன்கூட்டியே சாடியில் வளர்த்து வைத்திருப்பவர் அந்த இடத்தை வெறுமையாக விடமாட்டார்.

முள் வேண்டாம் என்பவர்களுக்கு ஆனைக் கற்றாழையின் இனமான அகேவில் முள்ளில்லாத வகையொன்று இருக்கிறது, அட்டெனுவாற்றா என்பார்கள். மென்மையான, வெளிறிய சாம்பல்பச்சை மடல். நீலம் குறைவு, ஆனால் குழந்தைகள் ஓடும் முற்றத்துக்கு அதுதான் நல்லது. இரண்டுக்கும் பொதுவான எதிரி மாரியில் தேங்கும் தண்ணீர். சல்லியும் மணலும் கலந்த மேடு இல்லாமல் நடாதீர்கள்.

4. பிஸ்மார்க் பனை: நீலம் உண்டு, அடக்கம் இல்லை

மடகாஸ்கர் தீவில் இருந்து வந்த இந்தப் பனை, வெள்ளிநீல விசிறி ஓலையோடு நிற்பதைக் கண்டவர் மறக்கமாட்டார். நம் பனையின் கிட்டிய உறவு இது. அந்த உறவு வளர்ப்பிலும் தெரியும்: வெயில் விருப்பம், வேர் பிடித்த பிறகு வறட்சியைத் தாங்கும் பலம், ஆரம்ப ஆண்டுகளில் பொறுமையைச் சோதிக்கும் மந்த வளர்ச்சி.

இதை வாங்கும் பலர் இடத்தை அளப்பதில்லை. வளர்ந்த மரத்தின் முடி ஐந்து, ஆறு மீற்றர் அகலத்துக்கு விரியும். அடிமரம் எழும்புவதற்கு முன்பே, ஓலைகள் நிலத்தோடு அந்த அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். எட்டுப் பேர்ச்சஸ் காணியில் கேற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் சில ஆண்டுகளில் வாகனம் உள்ளே வராது. அப்போது இடம் மாற்றவும் முடியாது. வேரைத் தொட்டால் பொறுக்காத மரம் இது, பெயர்த்து நட்டதில் பல செத்துப்போகும். முதலில் வைக்கும் இடமே கடைசி இடம் என்று நினைத்து நடுங்கள். கன்று வாங்கும்போது நிறத்தையும் கவனியுங்கள், இதில் பச்சை ஓலை வகையும் உண்டு.

மணல் மண்ணில் பனை இனங்களுக்குப் பொட்டாசியம் குறையும், அது பழைய ஓலைகளில் மஞ்சளாகத் தெரியும். தென்னைக்குப் பசளை போடும்போது இதற்கும் ஒரு பங்கு போட்டால் போதும். படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் யானை வரும் ஊர்களில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தென்னங்குருத்தையும் பனங்குருத்தையும் தேடி வரும் யானை, இதை அலங்கார மரம் என்று விட்டுவைக்காது. மற்றப்படி சம்மாந்துறை, செங்கலடி போன்ற இடங்களில் விசாலமான வளவு உள்ளவர்களுக்கு, நீலம் வேண்டும் என்றால் இதுதான் என் முதல் தெரிவு.

5. அரக்கேரியா: கிறிஸ்மஸ் மரம் என்று விற்கப்படுவது

நோர்போக் தீவு அரக்கேரியா அடுக்கடுக்கான கிளையோடு அழகாக நிற்கும், கடற்காற்றையும் தாங்கும். சாடியில் சில ஆண்டுகள் அடக்கமாக இருந்து, மார்கழியில் விளக்கு மாலை போட ஏற்றது. ஆனால் நீலம் இல்லை. நிலத்தில் இறக்கினால் கூரையைத் தாண்டுவது நிச்சயம், தன் சொந்தத் தீவில் 50 மீற்றருக்கு மேல் போகும் மரம் இது. உயர்கிறதே என்று தலையை வெட்டினால் உருவம் ஒருபோதும் திரும்ப வராது. பக்கக் கிளையை வெட்டிப் பதியம் போட்டாலும் அது நிமிராமல் பக்கவாட்டிலேயே வளரும். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்த பெரியவர்களிடம் கேளுங்கள், வீட்டோரம் உயர்ந்த மரம் வைப்பதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று.

6. கத்தரித்த சவுக்கு: யாரும் நினைக்காத தெரிவு

சவுக்கு ஊசியிலை மரக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. ஊசிபோலத் தெரிவது மெல்லிய பச்சைக் கிளை, உண்மையான இலை அதன் கணுக்களில் செதிலாக ஒட்டியிருக்கும். ஆனாலும் பத்தடி தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு அது ஊசியிலை மரம்தான். சுனாமிக்குப் பிறகு கடற்கரைகளில் சவுக்கு நட்டதைப் பார்த்திருக்கிறோம், அதனால் அதை வேலிமரமாக, விறகாக மட்டுமே நினைக்கிறோம். இளங்கன்றில் இருந்து தொடர்ந்து கத்தரித்தால் கூம்பாகவோ உருண்டையாகவோ அடர்ந்து நிற்கும். நிறம் சாம்பல்பச்சை. உப்பும் மணலும் கச்சானும் அதற்குச் சொந்த ஊர். வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றில் இருந்து நைதரசனைப் பிடித்துத் தருவதால் பசளையும் அதிகம் கேட்காது, கன்றும் மலிவு.

விலை பிறகு வரும். மழைக் காலத்தில் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்கோல் எடுக்க வேண்டும். ஓராண்டு விட்டுவிட்டால் அது மரமாகிவிடும். தடித்த கட்டையில் வெட்டினால் ஒழுங்காகத் துளிர்க்காததால் பழைய உருவத்துக்குத் திருப்பவும் முடியாது. கீழே உதிரும் ஊசிகள் பாய்போலப் படிந்து வேறு செடி வளர விடாது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். கத்தரிக்கும் வேலையை விரும்பிச் செய்பவர், கடலுக்கு அருகில் இருப்பவர், செலவைக் குறைக்க நினைப்பவர் என்றால் ஜூனிப்பரைவிட இதுவே நல்லது என்று துணிந்து சொல்வேன்.

ஒரே பார்வையில்

| செடி | நீலம் | ஊசியிலைத் தோற்றம் | அடக்கம் | மாரி ஈரம் | கச்சான் | உப்புக் காற்று |
|---|---|---|---|---|---|---|
| நீல ஸ்ப்ரூஸ் | மிக நன்று | உண்டு | உண்டு | தாங்காது | தாங்காது | இங்கே பொருந்தாது |
| சீன ஜூனிப்பர் | சிறிது | உண்டு | உண்டு | மேடு வேண்டும் | தண்ணீர் விட்டால் | ஓரளவு |
| ஆனைக் கற்றாழை | நன்று | இல்லை | ஓரளவு | மேடு வேண்டும் | தாங்கும் | தாங்கும் |
| பிஸ்மார்க் பனை | மிக நன்று | இல்லை | இல்லை | வடிந்தால் போதும் | வேர் பிடித்தபின் தாங்கும் | ஓரளவு |
| அரக்கேரியா | இல்லை | உண்டு | சாடியில் மட்டும் | வடிய வேண்டும் | இளமையில் தண்ணீர் | தாங்கும் |
| கத்தரித்த சவுக்கு | சாம்பல்பச்சை | தோற்றம் மட்டும் | கத்தரித்தால் | தாங்கும் | தாங்கும் | மிக நன்று |

நிறுத்தும் இடமும் பின்னணியும்

எதைத் தெரிவு செய்தாலும் நம் முற்றங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. மட்டக்களப்பு மணல் வெள்ளை, மதிலும் அநேகமாக வெள்ளை. வெள்ளைக்கு முன்னால் சாம்பல் நீலம் எடுபடாது, தூசி படிந்த செடிபோலத் தெரியும். படங்களில் அந்த மரம் அப்படி மின்னுவதற்குக் காரணம் அதன் பின்னால் இருக்கும் கரும்பச்சைப் புல்லும் செங்கல் சுவரும். நாமும் அதைச் செய்யலாம். செடிக்குப் பின்னால் எக்சோறா போன்ற கரும்பச்சைப் புதர் ஒரு வரிசை, அல்லது மதிலின் அந்தப் பகுதிக்கு மட்டும் செங்காவி நிறம். அடியில் மணலை மூடிச் சிவந்த கிரவல் ஒரு வட்டம் பரப்புங்கள். சாதாரண ஆனைக் கற்றாழைகூட இந்த ஏற்பாட்டில் நீலமாக எழுந்து நிற்கும். இரண்டாயிரம் ரூபாய்க் கன்றுக்கு முன் இரண்டு வாளி கிரவலை யோசியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இடத்தை முடிவு செய்யும்போது விறாந்தைக் கதிரையில் இருந்தும் பாருங்கள், கேற்றில் நின்றும் பாருங்கள். சரி நடுவில் வைப்பதைவிடச் சற்றுப் பக்கமாக வைத்தால் நடைபாதையும் வாகன வழியும் தடைபடாது, மரமும் இயல்பாகத் தெரியும். ஒரு முற்றத்துக்கு ஒரு நீலம் போதும். இரண்டு, மூன்று வைத்தால் கண் எதிலும் நிற்காது.

நடும் காலம் செடிக்குச் செடி மாறும். பனையையும் சவுக்கையும் ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்ததும் நடலாம், மாரி முழுவதும் வேர் பரவ நேரம் கிடைக்கும். ஜூனிப்பரையும் கற்றாழையையும் அப்போது நட்டால் வேர் பிடிப்பதற்குள் அழுகிவிடும். தை கடைசியில், அடைமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது நடுங்கள். வைகாசி பிறந்ததும் முதல் ஆண்டுக் கன்றுக்கு மேற்குப் பக்கமாக இரண்டு கம்பு ஊன்றி ஒரு கிடுகைச் சாய்த்துக் கட்டிவிடுங்கள். ஆவணி முடிந்து காற்று மாறியதும் கழற்றிவிடலாம்.